உள்ளே ஒரு கிணறு

ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் காணவில்லை.

பாலக்கோட்டு மண்டியில் தக்காளி பிரிக்கும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் வரிசையாகச் சிலவற்றைப் பார்ப்பேன். பூட்டு பூட்டியபடி இருக்கிறதா, கேஸ் மூடியிருக்கிறதா, பின்கதவுத் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா, அந்தத் தாள் இருக்கிறதா. ஒவ்வொன்றையும் மூன்று தடவை. காலையில் பஸ்ஸுக்கு நடந்தவள், பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டதெல்லாம் உண்டு. "பூட்டே கையெடுத்துக் கும்புடுது, வுட்டுடு புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். அன்றைக்குப் பூட்டும் கேஸும் தாழ்ப்பாளும் சரியாக இருந்தன. தாள் மட்டும் இல்லை. உறையைத் தலைகீழாக உதறினேன். கார்டு விழுந்தது, மாமனாரின் பழைய போட்டோ ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

அது என்ன தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் பேனாவால் வரைந்த ஒரு படம் இருந்தது. எனக்குள் இருக்கிற இடத்தின் படம்.

கண்ணை மூடினால் வருகிற கனவு இல்லை அது. பஸ்ஸில் போகும்போதும் சோறு வடிக்கும்போதும் அது அங்கே இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாந்தோப்பு. மரமெல்லாம் பூத்திருக்கும், காய்த்து நான் பார்த்ததில்லை. மழைக்கு முன்னால் நாலு மணிக்கு இருக்குமே, அந்த வெளிச்சம்தான் எப்போதும். முள்வேலி, தகரக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் காவல்காரி. கன்னடம்தான் பேசுவாள். யாராவது என்னிடம் குரலை உயர்த்தினால் எழுந்து வெளியே வந்துவிடுவாள். பிறகு என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே பிறர் சொல்லித்தான் தெரியும். தோப்புக்கு நடுவே ஒரு வீடு. அதில் ஒரு வேலைக்காரி. பேசமாட்டாள், இடது கைக்காரி. தோப்பின் கடைசியில் வற்றிப்போன படிக்கிணறு. பதினெட்டுப் படி. அடியில் ஒரு பெண் குழந்தை. சின்னவள்.

சின்னவளுக்குப் பதினோரு வயது. எனக்கு நாற்பத்திரண்டு. அவளுக்கு வயது ஏறுவதே இல்லை.

என்னை ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார்கள். இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே தாழ் போடுகிற அறை ஒன்று இருந்தது என்பது மட்டும் போதும்.

பல வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது. நேரம் காணாமல் போகும், அது மட்டும் தெரியும். மாரண்டஹள்ளியில் பஸ் ஏறியது நினைவிருக்கும், அடுத்தது மண்டியில் மத்தியானச் சாப்பாடு. நடுவில் நான் பிரித்த பெட்டிகள் அடுக்கியிருக்கும். மண்டியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருநாள் கேட்டாள்:

"ஏக்கா, காலைல எடது கைல பிரிச்ச, இப்ப சோத்துக் கைல பிரிக்கிற. கைய ஷிப்டு போட்டு வேல வாங்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையில் பிரித்தது யார்?

அந்தக் கேள்வியோடுதான் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் போனேன். வீட்டுக்காரரும் வந்தார். பல தடவை போனபிறகு அந்த அம்மா சொன்னது இது:

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. உங்களுக்கு மனசு ஒண்ணுதான். சின்ன வயசுல தாங்க முடியாதத தாங்கறதுக்காக அது தன்ன அறை அறையா தடுத்துக்கிச்சு. எதையும் இடிக்க வேணாம். உள்ள இருக்கறவங்களோட மெதுவா பேசிப் பழகுங்க. அந்த எடத்த வரைஞ்சு காட்டறீங்களா?"

வரைந்தேன். தோப்பு, கதவு, வீடு, கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் 'சின்னவள் இங்கே' என்று எழுதினேன். டாக்டரம்மா அதில் விரல் வைத்து, "இவள இழுத்துக்கிட்டு வராதீங்க. அவளா வரட்டும். பயமில்லாம பாத்துக்கங்க, போதும்" என்றார்.

எட்டு மாதம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி உள்ளே கிணற்று மேட்டில் போய் உட்காருவேன். "உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்பேன். பதில் வராது. எட்டு மாதத்தில் ஆறு படி ஏறியிருந்தாள். சில நாள் ஒரு படி இறங்கிவிடுவாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை.

தாள் காணாமல் போன அன்று, வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவும்வரை காத்திருந்தேன். கேட்டதும் அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"அக்காதான் எடுத்துட்டுப் போச்சு."

"எதுக்கு?"

"குறி கேக்க."

என் நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷி. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பார். போன மாதம் அவர் வேலியைப் பற்றி ஏதோ சத்தமாகச் சொல்லப் போக, காவல்காரி வெளியே வந்து கன்னடத்தில் அவரை விளாசிவிட்டாள். அன்றையிலிருந்து அவருக்கு நிச்சயம், எனக்குள் வேற்றூர் ஆவி ஒன்று இருக்கிறதென்று. தாளைப் பார்த்ததும், இது நம் மாந்தோப்பு, இது நம் பழைய கிணறு என்று கண்டுபிடித்துவிட்டார். எங்கள் மாவட்டத்தில் மாமரமும் கிணறும் இல்லாத தோட்டம் எது? ஆனால் குறிகாரரும் ஆமாம் என்றுவிட்டார். 'சின்னவள் இங்கே' என்று எழுதியிருந்ததைப் படித்து, அந்தக் கிணற்றில் ஒரு சின்னப் பெண் விழுந்து செத்திருக்கிறாள், அவள்தான் இவளைப் பிடித்திருக்கிறாள், கிணற்றை மண் போட்டு மூடினால் போய்விடுவாள் என்று சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழம காலைல பொக்லைன் வருது" என்றார் வீட்டுக்காரர்.

"டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும் கூட இருந்தீங்கதான?"

"இருந்தேன். மாத்திரையும் ஓடட்டும், இதுவும் ஓடட்டும். எதால நல்லானா என்ன புள்ள? தண்ணி இல்லாத கெணறு. போன வருஷம் ஆடு ஒண்ணு வுழுந்துச்சு. எப்படியும் மூடவேண்டியதுதான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கிணறு வேறு, எனக்குள் இருக்கிற கிணறு வேறு. எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன? நான் சொல்லித் தெரிவதா அந்தக் குழந்தைக்கு? அவள் படியில் உட்கார்ந்து நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தேன். ஏறின ஆறு படியையும் இறங்கியிருந்தாள்.

நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே மிச்சத்தையும் சொன்னார்.

"குறிகாரரு ஒண்ணு சொன்னாராம். அது அழுவும், நிறுத்தச் சொல்லும், உங்க பொண்டாட்டி மாதிரியே பேசும். எக்காரணத்தக் கொண்டும் நிறுத்திடாதீங்கன்னு."

வாயை மூடிக்கொண்டேன். நான் எதைச் சொன்னாலும் அது ஆவியின் பேச்சாகிவிடும். அழுதால் ஆவி அழுகிறது. கெஞ்சினால் ஆவி கெஞ்சுகிறது. பேசாமல் இருந்தால் ஆவி அடங்கிவிட்டது. நான் நானாகப் பேச வழியே இல்லை. டாக்டரம்மாவைப் பார்க்கிற நாள் அடுத்த வாரம். பொக்லைன் வருவதற்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு மண்டியில் எத்தனை பெட்டி பிரித்தேன் என்று தெரியாது. இடது கைக்காரிதான் பிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தோப்பில் எனக்கு முன்னாலேயே எல்லாம் தயாராக இருந்தது. கிணற்று ஓரம் செம்மண் இரண்டு லோடு குவிந்திருந்தது. என்னைக் கிழக்கே பார்க்க உட்காரவைக்க வேண்டுமாம். தரை ஈரமென்று நாத்தனார் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். காவல்காரி உட்காருகிற அதே மாதிரி. என் கையில் வேப்பிலைக் கொத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார்.

"ஒண்ணும் பயப்படாத தாயி. அரமணி நேரம். முடிஞ்சா நேரா எங்க வூட்டுக்கு வந்துடு, இட்லி ஊத்தி வச்சிருக்கறேன்." பிறகு என் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, எனக்குள் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரி, "உனக்கு இட்லி கெடையாது, கன்னடக்காரி. நீ வந்த வழியா கெளம்பு" என்றார்.

பொக்லைன் டிரைவர் சிரித்தார். நடுவயது ஆள், கழுத்தில் மப்ளர். "ஏனுங்கக்கா, பேய்க்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியை முடுக்கினார்.

அந்தச் சத்தம் இரண்டு இடத்திலும் கேட்டது. வெளியே வண்டி உறுமியது. உள்ளே மாம்பூ பொலபொலவென்று கொட்டியது. காவல்காரி எழுந்துவிட்டாள். தகரக் கதவில் கை வைத்து வெளியே வரப் பார்த்தாள். அவள் வந்தால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். நாத்தனார் கையில் அடித்து விரட்ட வேப்பங்குச்சி தயாராக இருந்தது. "பேடா" என்று அவளிடம் சொன்னேன், அவள் பாஷையிலேயே, வேண்டாமென்று. உதடு அசைந்திருக்க வேண்டும்.

"பாரு பாரு, கன்னடத்துல முணுமுணுக்குது" என்றார் நாத்தனார். "ஓட்டுப்பா வண்டிய."

வண்டியின் முன்வாய் மண்ணை அள்ளி மேலே போனது. என் வீட்டுக்காரர் எனக்கு நாலடி தள்ளி நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"என்னங்க" என்றேன்.

திரும்பினார். "இப்ப பேசறது யாரு?"

"நான்தாங்க."

"அதுவும் அப்படித்தான் சொல்லுமாம்." துண்டை எடுத்து மறுபடி முகத்தைத் துடைத்தார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னை இழந்துவிட்டு யாரோடோ குடித்தனம் பண்ணுகிறோமோ என்ற பயம்.

"நிறுத்தச் சொல்லல. மூடுங்க. ஒரு டீ குடிக்கற நேரம் மட்டும் குடுங்க."

"எதுக்கு?"

எதுக்கு என்று எப்படிச் சொல்வது? அடியில் குழந்தை இருக்கிறது, அதை மேலே கூட்டிவர வேண்டும் என்றா? அதைவிடப் பேய்ப்பேச்சு வேறென்ன இருக்கிறது? மண்ணோடு தொங்குகிற முன்வாயைப் பார்த்தேன். அதற்கு நடுவில், எனக்கே தெரியாமல், காலையிலிருந்து நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த வேறொன்று வெளியே வந்துவிட்டது.

"பின்கதவு தாப்பா போட்டீங்களா?"

"என்னாது?"

"நான் முன்னாடியே வந்துட்டேன். நீங்கதான் கடசியா வந்தீங்க. பின்கதவு போட்டீங்களா? கேஸு?"

அவர் என்னையே பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எந்த ஆவி வந்து கேஸைப் பற்றிக் கேட்கும்? வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"அண்ணே, வண்டிய ஆப் பண்ணுங்க. ரோட்டுக் கடைல ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்."

"டேய், நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காருடா!" நாத்தனார் பதறினார்.

"நிறுத்தலக்கா. டீதான். நீயும் வா." போகிறவர் என் தோளைத் தொட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போட்டுட்டேன் புள்ள. மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

எனக்கு இருந்தது ஒரு டீ நேரம். கண்ணை மூடினேன்.

தகரக் கதவருகே காவல்காரி நின்றாள். நீ போய் அவளைக் கூட்டிவா, உனக்குத்தான் தைரியம் என்று கேட்டேன். அவள் மாட்டேனென்று தலையாட்டினாள். "ஹோகு. நானு இல்லி இர்தீனி" என்றாள். போ, நான் இங்கே இருக்கிறேன் என்று. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கோபமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

கிணற்றுப் படியில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. மேட்டோடு நின்றுவிடுவேன். இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் குறைந்தது. பதினெட்டாவது படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பாவாடை. அந்தப் பாவாடையை எனக்குத் தெரியும்.

"மண்ணு கொட்டறாங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "கொட்டப் போறாங்க. ஆனா அது வேற கெணறு. இது இல்ல."

"நெசமாவா?"

"நெசந்தான். இருந்தாலும் எனக்கே பயமா இருக்குது. மேல வந்துடறியா?"

"மேல வந்தா பூட்டிடுவீங்க."

"யாரு பூட்டுவா?"

"நீதான்." நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் பூட்டற. மூணு வாட்டி இழுத்து இழுத்துப் பாக்கற. டக்கு டக்குன்னு இங்க கேக்குது. அந்தச் சத்தம் கேட்டா நான் கீழ வந்துடுவேன்."

எட்டு மாதம் மேட்டில் உட்கார்ந்து, யாரும் ஒன்றும் பண்ணமாட்டார்கள் என்று சொன்னவள் நான். தினமும் காலையில் அவளைப் பூட்டியவளும் நான். திருடன் வருவான் என்ற பயத்தில் இழுத்தேன். உள்ளே ஒருத்திக்கு அது ஓசூர் வீட்டுக் கதவாகக் கேட்டிருக்கிறது.

"இனிமே பூட்டல" என்றேன். சொன்னதும் எனக்கு வேர்த்துவிட்டது. என்னால் அது முடியுமா? "பூட்டல. நீ வா."

எழுந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தாள். நான் எண்ணினேன். ஆறாவது படியில் நின்றாள், மூச்சு வாங்கினாள். பத்தில் மறுபடி நின்றாள். வெளியே எங்கோ என் நாத்தனார் டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பி வருவது கேட்டது. பதிமூன்று. பதினான்கு. வண்டி முடுக்கிய சத்தம் வந்தது. சின்னவள் கீழே திரும்பிப் பார்த்தாள். "வேற கெணறு" என்றேன். "வேற கெணறு, வேற கெணறு." பதினேழில் அவள்தான் எனக்கு முன்னால் ஏறினாள். கதவை விட்டு வந்து, மேட்டில் காவல்காரி குனிந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது முதல் மண் விழுந்தது. திம்மென்று ஒரு சத்தம், பிறகு தூசி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுவுது, போவுது, போவுது" என்று நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டேன்.

அந்தக் கிணறு மூடியதால்தான் எனக்குக் குணமாயிற்று என்று அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். எனக்குக் குணமாகவில்லை. இடது கைக்காரி இப்போதும் வருகிறாள், நேரம் இப்போதும் காணாமல் போகிறது, கொஞ்சம் குறைவாக. அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போனபோது வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டே. நான் புதிதாக ஒரு படம் வரைந்தேன். தோப்பு, கதவு, வீடு. கிணறும் இருக்கிறது, உள்ளே அதை யாரும் மூடவில்லை. சின்னவள் காவல்காரியின் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். காவல்காரி நிற்கிறாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வீட்டைப் பூட்டாமல் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் வாரமே ஆடு கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஊறவைத்த அரிசியைத் தின்றுவிட்டது. நாத்தனார் வாசலில் நின்று சத்தம் போட்டார்: "பேயப் போக்கச் சொன்னா புத்தியயும் சேத்துப் போக்கிட்டான் அந்த குறிகாரன்! பட்டப்பகல்ல வூட்ட தொறந்து போட்டுட்டுப் போறா பாரு!" காவல்காரி எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள். உட்கார இடமில்லை, தரையில்தான்.

இன்று காலையும் கதவை வெறுமனே சாத்திவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கால் இரண்டும் வீட்டுப் பக்கம் இழுத்தன. கேஸை மூடினேனா? பீரோச் சாவி எங்கே? யாராவது உள்ளே போயிருப்பார்களோ? திரும்பி நாலு எட்டு நடந்தும்விட்டேன். பிறகு நின்று, உள்ளே காதை வைத்துக் கேட்டேன். படியில் யாரும் இறங்குகிற சத்தம் இல்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.